ஓடைப் பாறையில் ஒட்டியிருந்தவை

பழனிமுத்து அண்ணன் இறந்துவிட்ட செய்தி எனக்குக் குன்னூர் பஸ் நிலையத்தில் வந்தது. எஸ்டேட் விஷயமாக ஓர் ஆபீசுக்குப் போய், போன காரியம் முடியாமல் எரிச்சலோடு திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் பிள்ளைக் காப்பகத்து ஆயா போனில் அழைத்தார். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர், கூடலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே போய்விட்டார் என்றார். ஊட்டி பஸ்ஸில் ஏறினேன். பாதி சீட் காலியாகக் கிடந்தும் உட்கார முடியவில்லை. "ஏனுங்க மேடம், இத்தன எடம் கெடக்குதே, உக்காருங்க" என்று கண்டக்டர் இரண்டு முறை சொன்னார். லவ்டேல் பிரிவு தாண்டி, ஊட்டியில் பஸ் மாறி, கூடலூர் வந்து, எங்கள் எஸ்டேட் இருக்கும் ஓவேலியில் இறங்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். அன்றிலிருந்து இன்றுவரை நான் சரியாக உட்காரவில்லை.

அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள், பதினாறாம் நாள் கூட்டத்தில் வாசிக்கலாம் என்று லயத்து வீடுகளில் இருக்கும் தொழிலாளர்கள் கேட்டார்கள். எஸ்டேட்டின் நலத்துறை அலுவலர் நான். தமிழ் கொஞ்சம் நன்றாக எழுதுவேன் என்று எல்லோருக்கும் நினைப்பு. எழுதினேன், கிழித்தேன். மறுபடி எழுதினேன், கிழித்தேன். நல்ல மனிதர், உழைப்பாளி, மண்ணை நேசித்தவர். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் சொல்வது புரட்டு. அண்ணனின் தங்கை கணவர் அருணாசலம் நான்கு வருடமாக 'ஓடையில் மருந்து கலந்தவன்' என்ற பெயரைச் சுமந்துகொண்டு இந்தத் தோட்டத்தில் நடக்கிறார். அந்தப் பெயர் அவருக்கு உரியதல்ல. யாருக்கு உரியது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நேராகச் சொல்லிவிடலாம்; ஆனால் அண்ணன் யார், அந்த ஓடையில் அவருக்கு என்ன இருந்தது என்று சொல்லாவிட்டால், சொன்னதன் கனம் தெரியாது.

உங்களில் பலருக்கு அவர் 'கான் பழனிமுத்து'. தேயிலைச் சரிவில் மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமலிருக்கக் குறுக்கே வெட்டும் வாய்க்காலுக்கு இலங்கைத் தோட்டங்களில் கான் என்று பெயர். சின்ன வயதில் அப்பா அம்மாவோடு அங்கிருந்து கப்பலேறி வந்தவர், அந்தச் சொல்லையும் கூடவே கொண்டுவந்திருந்தார். 'டிரெயின்' என்று ஆபீசில் எத்தனை முறை சொன்னாலும் அவர் வாயில் கான்தான். நான் வேலைக்கு வந்த இரண்டாவது மாதம், அவர் வெட்டிய கான் ஒன்று கோணலாகப் போகிறது என்று புதிய பீல்டு ஆபீசர் விசாரணை வைத்தார். கயிறு பிடித்த மாதிரி போக வேண்டிய கான், கீழ்மலையில் ஓடைக்குப் பக்கத்தில் வந்ததும் ஒதுங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி பழைய வரிக்கு வந்தது. என்னைக் குறிப்பெடுக்கக் கூட்டிப்போயிருந்தார்கள். ஆபீசர் கோபத்தில் ஆங்கிலத்துக்குப் போய்விட்டார். அண்ணன் கேட்டு முடித்துவிட்டு, "கான் தண்ணிக்கு வெட்டுறதுங்க, கண்ணுக்கு வெட்டுறதில்ல. தண்ணி போகுதா இல்லியான்னு மழையில வந்து பாருங்க" என்றார். அந்த மழையில் ஆபீசரும் போய்ப் பார்த்தார். தண்ணீர் போனது. கான் கோணலாகவே இருந்துவிட்டது.

ஏன் கோணல் என்று நான் பிறகு தனியாகக் கேட்டேன். அவர் கடப்பாரையை ஓடைக்கரை ஈர மண்ணில் ஒரு முழம் இறக்கி, அதன் மேல்முனையில் காதை வைக்கச் சொன்னார். கோடை மழை வரப்போகிற மத்தியானம், மேகம் இறங்கியிருந்தது. காதை வைத்தேன். முதலில் என் காதுக்குள் அடித்த நாடிதான் கேட்டது. இவர் என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்து நிமிரப்போனேன். அப்போது கேட்டது. அடைக்கோழி கேறுவது போல, மண்ணுக்குள்ளிருந்து. நின்றது. மறுபடி கேட்டது. நான் சட்டென்று கடப்பாரையை விட்டுவிட்டேன். அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

அது ஒரு தவளை. படிக்கிற பிள்ளைகள் ஊதாத் தவளை என்கிறார்கள். கூடலூர்ப் பக்கத்து மலையாளிகள் பாதாளத் தவளை என்பார்கள். கான் வெட்டுகிறவர்களுக்கு அது பன்னித் தவளை. மூக்கு அப்படி இருக்கும். ஊதிய பலூன் மாதிரி உடம்பு, குட்டைக் கால், கத்தரிக்காய் நிறம். வருடம் முழுக்க மண்ணுக்குள் கறையானைத் தின்றுகொண்டு கிடக்கும். கோடை மழையின் முதல் சில நாள்களில் மட்டும் வெளியே வந்து, ஓடையில் முட்டையிட்டுவிட்டு, மறுபடி மண்ணுக்குள் போய்விடும். மண்ணைத் திறக்கிற வேலை செய்பவர்களைத் தவிர இந்தத் தோட்டத்தில் வேறு யாருக்கும் அது இருப்பதே தெரியாது. இளவயதில் அண்ணனே தெரியாமல் மண்வெட்டியால் ஒன்றை வெட்டிவிட்டாராம். அதைப் பற்றி ஒரே ஒரு முறை சொன்னார். அதற்குப் பிறகு ஓடைக்கரையில் கடப்பாரையை இறக்கிக் காது வைத்துப் பார்க்காமல் அவர் மண்வெட்டியைத் தூக்கியதில்லை. பன்னித் தவளை கிடக்கிற இடத்தைச் சுற்றிக்கொண்டு கான் போகும்.

ஒரு வருடம் முதல் மழை பெய்த மறுநாள் விடிகாலையில் என் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினார். ஆபீஸ் பக்கம் என்றால் 'மேடம்', மலையில் என்றால் 'தங்கச்சி' என்பது அவர் வழக்கம். அன்று வாசலிலேயே "தங்கச்சி, ஓடைக்கு வாங்க" என்றார். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். ஓடைப் பாறைகளுக்கு நடுவே தேங்கிய தண்ணீரில் பெரியதும் சிறியதுமாக இணைகள். பெரியது பெண், அதன் முதுகில் ஆண் சின்னதாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் அந்தப் பாறை வழியாகத்தான் ஓடையைக் கடப்பார்கள். அண்ணன் குறுக்கே நின்றுகொண்டு எல்லோரையும் மேல்வழியில் சுற்றிப் போகச் சொன்னார். "என்னா, ஒங்க வூட்டுக் கல்யாணமா?" என்று ஒரு பெண் கிண்டல் செய்தாள். "ஆமா. மொய் வேணாம், வழிய விட்டாப் போதும்" என்றார். பெண்கள் சிரித்துக்கொண்டே சுற்றிப் போனார்கள். நானும் சிரித்தேன். அந்த முட்டைகள் பிறகு என்னவாகும், குஞ்சுகள் எங்கே வளரும் என்று நான் கேட்கவில்லை. தவளை என்றால் குளத்தில் நீந்தும் தலைப்பிரட்டை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது போதும் என்று இருந்துவிட்டேன்.

அதே வருடம்தான் அருணாசலத்தோடு அவருக்கு முதல் சண்டை. அருணாசலம் களைக்கு மருந்தடிக்கிறவர். வேலை முடிந்ததும் முதுகில் சுமக்கும் டேங்கை ஓடையில் கழுவியதை அண்ணன் பார்த்துவிட்டார். மச்சான் உறவு, திட்டினார், அவரும் வாங்கிக்கொண்டார். இனிமேல் குழாயடியில்தான் கழுவுவேன் என்று பிள்ளை மேல் சத்தியம் செய்தார். சில நாளில் மறந்து மறுபடி ஓடையில் கழுவி, மறுபடி மாட்டி, மறுபடி சத்தியம் செய்தார். அதன் பிறகு அவர் அந்தப் பக்கமே போகவில்லை. இதை நான் இப்போது உறுதியாகச் சொல்ல முடியும்.

இனி என் பங்கு.

நான்கு வருடத்துக்கு முன், மழை சற்று விட்டிருந்த ஒரு வாரம். ஓடைப் பாறையில் கொழுந்து மூட்டையோடு வழுக்கி விழுந்து ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. அடுத்த வாரம் எங்கள் தேயிலைக்குச் சான்றிதழ் தருகிற குழு பார்வையிட வருவதாக இருந்தது. அவர்களும் அந்தப் பாறை வழியாகத்தான் நடக்க வேண்டும். பாறை முழுக்கப் பச்சைப் பாசி. ஞாயிற்றுக்கிழமை யாரையும் வேலைக்குக் கூப்பிட முடியாது. லயத்தில் பாதிப் பேர் கூடலூருக்குப் போயிருந்தார்கள். நானே போனேன். தண்ணீர்த் தொட்டிக்கு வைத்திருந்த பிளீச்சிங் பவுடரில் ஒரு வாளி கரைத்து எடுத்துக்கொண்டேன். கம்பி பிரஷ் ஒன்று. செய்வதற்கு முன் தவளைக் குஞ்சு இருக்கிறதா என்று பார்க்கவும் செய்தேன். இதை எத்தனை முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன் தெரியுமா? குனிந்து, தேங்கிய தண்ணீரெல்லாம் பார்த்தேன். ஒன்றுகூட நீந்தவில்லை. திருப்தியாக இருந்தது. மேலிருந்து கரைசலை ஊற்றி, தண்ணீர் வழிகிற பாறைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். பாசியோடு சேர்ந்து கறுப்பாகச் சின்னச் சின்னதாக ஏதோ உதிர்ந்தன. அட்டை என்று நினைத்தேன். நல்லதாகப் போயிற்று என்றும் நினைத்தேன். மத்தியானத்துக்குள் பாறை வெளுத்துவிட்டது. என் கைகளால் ஒரு வேலையை முடித்த பெருமையோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை பெரட்டில், அதாவது வேலை பிரிக்கிற களத்தில், அண்ணன் டிபன் பாக்ஸ் மூடியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். வரும் வழியில் ஓடையின் கீழ்மடுவில் சருகோடு சருகாக ஒதுங்கியிருந்ததை அள்ளியிருக்கிறார். மூடிக்குள் கறுப்பாக, செத்து, ஒன்றன்மேல் ஒன்றாக. பன்னித் தவளையின் குஞ்சுகள். அவை குளத்தில் நீந்துவதில்லை. வாயால் பாறையைக் கவ்வி, தண்ணீர் வந்து மோதுகிற இடத்திலேயே ஒட்டிக்கொண்டு, பாசியைத் தின்று வளர்பவை. கான் வெட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். எனக்குத் தெரியாது. ஆனால் மூடியைப் பார்த்ததும் எனக்கு அவற்றைத் தெரிந்தது. நேற்று என் பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்தவை.

அண்ணன் நேராக அருணாசலத்திடம் போனார். "மச்சான், சனிக்கிழம டேங்க எங்க கழுவுன?"

"கொழாயடியிலதான் கழுவுனேன். எம்புள்ள மேல சத்தியம்."

"போன தடவையும் இதே புள்ளதான்."

எழுபது எண்பது பேர் நின்றிருந்தோம். அருணாசலம் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். குழாயடியில் கழுவியதைப் பார்த்தேன் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று தேடினார். என் முகத்தையும் பார்த்தார். என் விரல்களில் பிளீச்சிங் வாசனை இன்னும் போகவில்லை. கைகளைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டேன். இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. சான்றிதழ்க் குழு மூன்று நாளில் வருகிறது, நலத்துறை அலுவலரே ஓடையைக் கெடுத்தாள் என்றால் என்ன ஆகும் என்று இன்னொன்று கணக்குப் போட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. பீல்டு ஆபீசர் அருணாசலத்தை மருந்தடிக்கும் வேலையிலிருந்து எடுத்து, எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அதில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. குழு வந்தது, வெளுத்த பாறை மேல் வழுக்காமல் நடந்தது. நீரோடைகளைப் பேணுகிற தோட்டம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது.

அதோடு நின்றிருந்தால்கூட ஒரு மாதிரி. அடுத்த வருடம் அருணாசலத்தின் மகளுக்குக் கல்யாணம். அண்ணன் அவளுக்கு ஒரே தாய்மாமன். தங்கை வந்து வாசலில் நின்று அழுதாள். அண்ணன் மனைவி சொல்லிப் பார்த்தார். "பொய்ச் சத்தியம் பண்ணுனவன் பந்தல்ல நா நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கல்யாணத்தன்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேல்மலைக்குப் போய்விட்டார். மாமன் மாலையைத் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் போட்டார். அந்தப் பெண் மேடையில் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா கடைசி நேரத்திலாவது வந்துவிடுவார் என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாயசத்தைக்கூட மீதி வைக்கவில்லை.

ஒவ்வொரு கோடை மழைக்கும் நான் ஓடைக்குப் போனேன். தவளைகள் வந்தன. எனக்கு உயிர் வந்தது போலிருந்தது; ஒன்றும் கெட்டுப்போகவில்லை பார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அண்ணன் அந்த நிம்மதியையும் நீடிக்க விடவில்லை. "வந்திருக்கிறது பெருசுங்க, தங்கச்சி. அதுங்க மண்ணுக்குள்ள கெடந்ததால தப்பிச்சிருச்சு. அந்த வருசத்துப் புள்ளைங்கதான் இல்ல. அந்தக் கொறை எத்தன வருசம் கழிச்சுத் தெரியும்னு எனக்கும் தெரியாது" என்றார். குஞ்சு வளர்ந்து மண்ணுக்குள் போய், பெரிதாகி வெளியே வர எத்தனை காலம் என்று கான் வெட்டியே வாழ்ந்த அவருக்கும் தெரியவில்லை. எனக்கு எங்கே தெரியும்? ஒருவேளை இனிமேல்தான் ஒரு கோடையில் ஓடை பாதி அமைதியாக இருக்கும். அன்று அது ஏன் என்று சொல்ல ஒருவர் வேண்டாமா?

இரண்டு முறை சொல்லப் போனேன். முதல் முறை அவர் வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். அந்தச் சாக்கு எனக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டாம் முறை, இறப்பதற்கு ஒரு மாதம் முன். வாசலில் உட்கார்ந்து கடப்பாரை முனையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தனியாகத்தான் இருந்தார். "அண்ணா, அந்தப் பாறை விஷயம்" என்று ஆரம்பித்தேன். அவர் முகம் இறுகியது. "அவன் பேச்ச எடுக்காதீங்க" என்றார். அவன் பேச்சு இல்லை அண்ணா, என் பேச்சு என்று சொல்லியிருக்கலாம். ஆறு சொல். நான் மழையைப் பற்றிக் கேட்டேன். இந்த வருடம் சீக்கிரம் வரும் என்றார். தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணனை எடுத்த அன்று அருணாசலம் வீட்டுக்குள் வரவில்லை. மாமன் மச்சான் முறைக்குச் செய்ய வேண்டியதை மற்றவர்கள் செய்ய, அவர் வெளியே மழையில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். பால் தெளித்த மறுநாள் அவர் லயத்துக்குப் போய், அவருக்கும் அவர் மனைவிக்கும் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது உங்களுக்குச் சொன்ன அதே வரிசையில், வாளி, பிரஷ், அட்டை, கையெழுத்து எல்லாம். "அண்ணனுக்குத் தெரியுமா?" என்று அவர் மனைவி கேட்டார். தெரியாது என்றேன். அந்தத் தங்கை எழுந்து உள்ளே போய்விட்டார். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. இந்த முறை அது அண்ணன் செத்ததற்கான அழுகை மட்டும் இல்லை.

அருணாசலத்திடம் மன்னிப்புக் கேட்டேன். அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. கடைசியில் கேட்டார்: "என்னைய எங்க வச்சுக் கேட்டாங்க, மேடம்?"

"பெரட்டில்."

"அப்ப எங்கிட்டச் சொல்லி என்னா பிரயோசனம். அங்க வந்து சொல்லுங்க."

ஆகவே இது வாசிக்கப்படுவது பெரட்டுக் களத்தில். மேனேஜர் துரையிடம் கேட்டு வாங்கிய அரை மணி நேரத்தில், நானே நின்று வாசிக்கிறேன். ஓடையில் பவுடரைக் கரைத்தவள் நான். பொய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் நான். கடிதத்தை ரத்து செய்யக் கேட்டு நேற்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்குப் பிறகு இங்கே எனக்கு வேலை இருக்குமா என்று தெரியாது. அது பெரிய விஷயமும் இல்லை. ஒரு பெண் சொந்த மாமனின் மாலை இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டாள். அதை எந்தக் கடிதம் ரத்து செய்யும்?

அண்ணனிடமிருந்து ஒவ்வொருவரும் ஒன்றை வைத்துக்கொள்கிறீர்கள். அவர் சொன்ன கேலிகளை, அவர் வெட்டிய கான்களை, கூட நின்று வேலை செய்த நாள்களை. அதில் எதையும் கேட்க எனக்கு முகமில்லை. எனக்கு வர வேண்டியது ஒன்றுதான், அவருடைய கோபம். அது என் பெயருக்குப் புறப்பட்டது. வழி தவறி இன்னொருவர் வீட்டில் நான்கு வருடம் தங்கிவிட்டது. அருணாசலம் அண்ணே, அதை என்னிடம் கொடுத்துவிடுங்கள்.